அம்மிக்கு எடுத்த கல்லு

லண்டன் கிங்ஸ்பரியில என்ர குசினி மேசையில இருந்துதான் இதை ஐபாட்டில தட்டிறன். பகல் பதினொரு மணி. வெளியில குப்பை லொறி வந்து நிண்டு உறுமுது. பக்கத்து வீட்டு குஜராத்தி மனுசி ஆரோடயோ போனில சிரிச்சுக் கதைக்கிறா. பயப்பிட ஒண்டுமில்லாத நேரம். எண்டாலும் முன் கதவையும் பின் கதவையும் பூட்டிப்போட்டுத்தான் இருக்கிறன். ஏன் பூட்டினனான் எண்டதைக் கடைசியில சொல்லுறன். இடையில எழும்பிப் போகாதேங்கோ.

என்ர பேர் ஜெகதீஸ்வரி. எழுபத்திமூண்டு வயசு. பேய் பிசாசில எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. எனக்கு இருந்த வியாதி வேற. எரிச்சல். அதை முதல்லயே சொல்லிப்போடுறன், பிறகு ஒளிக்க ஏலாது.

துஷ்யா என்ர மகளின்ர மகள். அவளுக்கு ஏழு வயசா இருக்கேக்க தாய் கான்சரில மோசம் போட்டா. தகப்பன் வேற கலியாணம் முடிச்சுக் கனடாவுக்குப் போயிட்டார். நான்தான் வளர்த்தனான். தலை இழுத்துப் பின்னி விட்டது நான், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு 183 பஸ்ஸில கூட்டிக்கொண்டு திரிஞ்சது நான். அம்மம்மா எண்டுதான் கூப்பிடுவாள். சரி, அதுதானே முறை. பிறகு மாதவன் எண்டு ஒரு ஹரோப் பெடியனை விரும்பினாள். தங்கமான பெடியன், குறை சொல்ல ஏலாது. கலியாணப் பதிவு எழுத்து முடிஞ்சு ரெண்டாம் நாள் மாதவன்ர தாய் தவநாயகிக்குப் போன் எடுத்து, என்ர முகத்துக்கு முன்னால கதைக்கிறாள்: "ஓம் அம்மா. சரி அம்மா."

அம்மா.

இருபது வருசம் நான் கேக்காத சொல்லு. அதை ஒரு பூச்செண்டு மாதிரி அந்த மனுசிக்குத் தூக்கிக் குடுத்தாள். அண்டைக்குப் பத்தினது என்ர வயிறு.

தவநாயகி எல்லாத்தையும் தன்ர கையில எடுத்தா. ஹோல் அவ பார்த்தது, மணவறை அவ தெரிஞ்சது, கூறைச் சீலைக்கு இந்தியாவுக்குப் போனது அவ. எனக்குச் சொல்லுறா, "அன்ரி, நீங்கள் ஒண்டுக்கும் ஓடித் திரியாதேங்கோ, வந்து வடிவா முன்னுக்கு இருங்கோ, காணும்." முன்னுக்கு இருக்க நான் என்ன குத்துவிளக்கோ? ஒருநாள் எல்லாரும் இருக்கேக்க சொன்னா, "அம்மி கூட ஊரில சொல்லிச் செய்விக்கிறன் அன்ரி. நல்ல கருங்கல்லு. விளிம்பில தாமரைப்பூ வெட்டச் சொன்னனான்."

என்ர வாய் என்னைக் கேக்காமல் திறந்தது.

"தேவையில்லை. அம்மி பொம்பிளை வீட்டால. என்ர அம்மாவின்ர அம்மி இருக்கு."

"இருக்கோ? லண்டனிலயோ?"

"பின்ன?"

ஒரு மண்ணும் இல்லை. அம்மாவின்ர அம்மி, தொண்ணூத்தைஞ்சில சண்டைக்குப் பயந்து நாங்கள் சாவகச்சேரிப் பக்கம் ஓடேக்க கிணத்தடியில விட்டது விட்டதுதான். கலியாணத்துக்கு ஏழு கிழமை இருக்கு, அம்மிக்கு நான் எங்க போவன்?

அந்த நேரம்தான் எங்கட முதியோர் சங்கத்தால ஸ்கொட்லாந்துக்குக் கோச் பஸ் போனது. சபாரத்தினம் அண்ணைதான் எல்லா ஒழுங்கும். பழைய சரித்திர வாத்தியார், மைக் கையில கிடைச்சால் விடமாட்டார். மூண்டாம் நாள் ஒரு வெளியில கோச்சை நிப்பாட்டி எல்லாரையும் இறக்கினார். ஆடு மேயிற பெரிய வெளி. மழையெண்டும் இல்லை, பனிப்புகாரெண்டும் இல்லை, ஈரத்துணியை முகத்தில போட்ட மாதிரி ஒரு குளிர். நடுவில ஒரு கல்லுத் தூண், ரெண்டு ஆள் உயரம், உச்சியில ஒரு வாள் செதுக்கிக் கிடக்கு. தூணைச் சுத்தி இடுப்பளவுக்குக் கல்லுக் குவியல்.

"எழுநூறு வருசத்துக்கு முதல்," எண்டு தொடங்கினார் அண்ணை, "இங்கிலாந்து ராசாவின்ர படையோட ஸ்கொட்லாந்துக்காரர் தங்கட நாட்டுக்காக இதிலதான் அடிபட்டவை."

"வெண்டவையோ அண்ணை?" எண்டு கேட்டா எமில்டா. எமில்டா மன்னார்க்காரி, என்ர சிநேகிதி, கோச்சில எனக்குப் பக்கத்துச் சீற்.

"அண்டைக்கு வெண்டவை."

"அண்டைக்கு எண்டால்?"

"எமில்டா, குளிருக்குள்ள அரசியல் கதையாதையும். இந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு எண்டு கேளும். இந்தக் கல்லுகளுக்கு ஒரு கதை இருக்கு..."

நான் அந்தக் கதையைக் கேக்கேல்லை. என்ர கண் குவியலின்ர பின் பக்கத்தில நிண்டிட்டுது.

கறுப்புக் கல்லு. ரெண்டு முழுப் பாண் ரொட்டி பக்கத்தில பக்கத்தில வைச்ச அளவு. மேல மட்டம், தேய்ஞ்சு வழுவழு எண்டிருக்கு. ஒரு பெட்டையின்ர காலுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி.

அவ்வளவு சனமும் தூணுக்கு முன்னால நிண்டு செல்ஃபி எடுக்குது. நான் குனிஞ்சன். என்ர முழங்காலுக்கு அஞ்சு கிலோ மாப் பையே பாரம், இதை எப்பிடித் தூக்குவன் எண்டு பயந்துகொண்டுதான் கையை வைச்சனான். பூ மாதிரி வந்தது. ஆரோ கீழயிருந்து தூக்கித் தந்த மாதிரி.

சால்வையால சுத்தி, இழுத்துக்கொண்டு திரியிற சில்லுப் பைக்குள்ள வைச்சு, ஒண்டும் தெரியாதவள் மாதிரிக் கோச்சில வந்து ஏறியிட்டன்.

எமில்டா யன்னலால பார்த்துக்கொண்டு சொல்லுறா, "ஜெகா, உந்த வெள்ளைக்காரிக்கு என்ன விசரோ? வெறுங்காலோட நனைஞ்சு கொண்டு நிக்கிறா."

பார்த்தன். தூணடியில ஒருத்தி. சாம்பல் நிறக் கம்பளித் துணியைத் தலையோட போர்த்திருக்கிறா. துணியின்ர தொங்கலால தண்ணி வடியுது. ஒரு விரலை நீட்டிக் குவியலில இருக்கிற கல்லுகளை ஒவ்வொண்டா எண்ணுறா. நிப்பாட்டுறா. திரும்ப முதலில இருந்து எண்ணுறா. நிப்பாட்டுறா.

கோச் வெளிக்கிட்டுது.

மூண்டாம் தரம் அவ எண்ணேல்லை. திரும்பிப் பார்த்தா.

கோச்சை இல்லை. என்ர யன்னலை.

லண்டனுக்கு வந்து சேர எட்டு மணித்தியாலம். பையை மடியில வைச்சிருந்தன். எமில்டா ரெண்டு தரம் கேட்டா, "தண்ணிப் போத்தில் ஏதும் ஊத்துண்டிட்டுதோ? உம்மட சீலை நனைஞ்சிருக்கு."

கலியாணம் ஐப்பசியில, ஹரோவில ஒரு ஹோலில நடந்தது. அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைச்சு, நானே கொண்டுபோய் மணவறையில வைச்சன். ஐயர் தொட்டுப் பார்த்திட்டு, "நல்ல குளிர்ந்த கல்லு" எண்டார். தவநாயகி குனிஞ்சு தடவினா. முகம் ஒரு சுருக்குச் சுருங்கினது. "நல்ல பழைய கல்லுத்தான் அன்ரி." எனக்கு அண்டைக்கு அதுதான் கலியாணச் சாப்பாடு. மிச்சம் ஒண்டும் நான் சாப்பிடேல்லை.

தாலி கட்டி முடிஞ்சு, அம்மி மிதிக்கிற நேரம் வந்தது. மாதவன் குனிஞ்சு துஷ்யாவின்ர வலது காலைத் தூக்கிக் கல்லில வைச்சான். பெட்டை ஒருக்கா உதறினாள்.

"அம்மம்மா, ஐஸ் மாதிரிக் கிடக்கு."

"சும்மா இரடி, கமராவைப் பார்."

மெட்டி உடன போகேல்லை. மூண்டு தரம் போட்டான் பாவம், மூண்டு தரமும் வழுக்கி விழுந்தது. சாம்பிராணிப் புகைக்குள்ளால எனக்கு ஒரு மணம் வந்தது. நனைஞ்ச ஆட்டு மயிர் மணம். நாலாம் தரம் மெட்டி இறங்கினது. மேளம் அடிச்சுது. நான் அழுதன். எல்லாரும் சந்தோச அழுகை எண்டு நினைச்சினம். தவநாயகியை வெண்ட அழுகை அது.

அவையள் ரெண்டு பேரும் ஹரோவில ஒரு பழைய செமி வீடு வாங்கியிருந்தினம். அந்தக் கல்லை அங்கயே கொண்டுபோய்க் குசினியில பின் கதவடியில வைக்கச் சொன்னன். "என்ர அம்மாவின்ர கல்லு, உனக்குத்தான்" எண்டன். பொய்யைத் தொடங்கினால் அதுக்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டிக் கிடக்கு.

மூண்டு கிழமை போகேல்லை, துஷ்யா போன் எடுத்தாள். அழுகிறாள்.

"அம்மம்மா, மாதவனுக்கு ஆரோ இருக்கு."

"என்னடி விசர்க் கதை?"

"பாத்ரூமில ஒரு மயிர் கிடந்தது. செம்பட்டை. என்ர கையளவு நீளம். நேற்று துவாயிலயும் கிடந்தது. நான் வேலையால வரேக்க குசினி நிலமெல்லாம் ஈரம். பொம்பிளைக் கால் அடையாளம் அம்மம்மா, வெறுங்கால். கேட்டால் தனக்கு ஒண்டும் தெரியாது எண்டுறான்."

"தவநாயகியிட்டச் சொன்னனியோ?"

"இல்லை. உங்களுக்கு மட்டும்தான்."

சொல்ல வெக்கமாக் கிடக்கு. பேத்தியின்ர குடும்பம் உடையப் போகுது, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சின்னச் சந்தோசம். அம்மாட்டச் சொல்லேல்லை, அம்மம்மாட்டத்தான் சொன்னவள்.

மார்கழியில ஒருநாள் 183 பிடிச்சுப் போனன். பின்னேரம் மூண்டரை இருக்கும், அப்பவே வெளிச்சம் மங்கத் தொடங்கியிட்டுது. துஷ்யா வேலைக்குப் போகேல்லை. சோபாவில காலை நீட்டிக்கொண்டு கிடந்தாள். வலது காலைத் தொட்டன்.

கணுக்கால் வரைக்கும் செத்த மீன்.

"டொக்டர் ரெண்டு தரம் ரத்தம் எடுத்தவர் அம்மம்மா. எல்லாம் நோர்மல் எண்டுறார்."

"மெட்டி எங்கயடி?" இடது காலில கிடக்கு. வலது காலில இல்லை.

"காணேல்லை. நித்திரையால எழும்பேக்க இல்லை. கழட்டவும் ஏலாது அது, அவ்வளவு இறுக்கம். அவன்தான் கழட்டி எடுத்து அவளுக்குக் குடுத்திட்டான்."

அவளுக்கு. ஆரெண்டே தெரியாது, அதுக்குள்ள ஒரு 'அவள்' வந்து வீட்டில குந்தியிட்டாள். பெட்டையின்ர கண்ணைப் பார்த்தன். எனக்கு நல்லாத் தெரிஞ்ச கண். கண்ணாடியில எத்தினை நாள் பார்த்திருப்பன்.

தேத்தண்ணி போடுவம் எண்டு எழும்பினன்.

குசினிக்குள்ள சத்தம் கேட்டுது.

கர்ர்ர்... கர்ர்ர்...

தண்ணி விடாமல் வெறும் அம்மியில ஆரோ அரைக்கிற சத்தம்.

"பிள்ளை, உள்ள ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. மாதவன் வேலையில."

கதவைத் தள்ளினன். சத்தம் நிண்டிட்டுது. பின் கதவடியில வைச்ச கல்லு நிலத்துக்கு நடுவில கிடக்கு. மேல மினுமினு எண்டு ஈரம். பின் கதவிலயிருந்து கல்லு வரைக்கும் கால் அடையாளம். சின்னக் கால். சேறு.

வந்த அடையாளம் இருக்கு.

போன அடையாளம் இல்லை.

நனைஞ்ச கம்பளி மணம் மூக்கில அடிச்சுது. என்ர பிடரியில ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தது. குளிர். கூரையைப் பார்த்தன், ஒழுக்கு ஒண்டும் இல்லை. ரெண்டாவது சொட்டு விழுந்தது. அது விழேக்க என்ர காதுக்குப் பின்னால ஒரு மூச்சுக் கேட்டுது, அதோட ஒரு கதை. மெல்லிய குரலில, நிப்பாட்டாமல். பாசை எனக்கு விளங்கேல்லை. இங்கிலீசும் இல்லை அது. ஆனா ஏச்சு எண்டு விளங்கிச்சு. எரிச்சலில ஏசுற பொம்பிளையின்ர குரலுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரேல்லை. கேத்திலைப் பிடிச்சபடி நிண்டன். ஏச்சு ஓய்ஞ்சு, மூச்சும் ஓய்ஞ்சு, மணம் மட்டும் மிஞ்சினது.

அப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்க வேணும். பெட்டை கேக்கிறாள், "அம்மம்மா, ஏன் உங்கட முகம் வெளிறிப் போச்சு?" நான் சொல்லுறன், "குளிரடி. ஹீற்றரைக் கூட்டு." ஏன் எண்டு கேளுங்கோ. சொன்னால் தவநாயகிக்குத் தெரிய வரும். அம்மாவின்ர அம்மி எண்டது புழுகு எண்டு தெரிய வரும். அதுக்காகப் பிள்ளையின்ர காலைக் குளிர விட்டிட்டு, 183 ஏறி வீட்டை வந்தனான். இதை எழுதவே கை கூசுது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் தவநாயகி வீட்டில கலியாண வீடியோ பார்க்கக் கூப்பிட்டவை. உங்களுக்குத் தெரியும்தானே, மூண்டு மணித்தியாலம், வடை, ரோல்ஸ், ஆரின்ர சீலை என்ன நிறம் எண்ட ஆராய்ச்சி. மாதவனும் துஷ்யாவும் ஒரே சோபாவில இருந்தாலும் நடுவில ஒரு ஆள் இருக்கலாம், அவ்வளவு இடைவெளி. பெட்டை நொண்டிக்கொண்டுதான் வந்தவள். ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கேல்லை. "வக்கீலைப் பார்க்கப் போறன் அம்மம்மா" எண்டு வாசலில வைச்சு என்ர காதுக்குள்ள சொல்லியிட்டாள்.

அம்மி மிதிக்கிற இடம் வந்தது. கமராக்காரன் காலைக் கிட்டத்தில எடுத்திருக்கிறான். கல்லு. மஞ்சள். துஷ்யாவின்ர மருதாணிக் கால். மெட்டி வழுக்குது.

"நிப்பாட்டு," எண்டான் மாதவன்.

நிப்பாட்டினம்.

"திரும்பப் போடு. மெதுவா."

போட்டினம். மெட்டி வழுக்கேல்லை. ஆரோ இழுக்கினம்.

தவநாயகி எழும்பி ரீவீக்குக் கிட்டப் போனா. விரலை நீட்டி எண்ணினா. மாதவன்ர வலக்கை. மாதவன்ர இடக்கை.

பெட்டையின்ர குதிக்காலுக்குக் கீழ இன்னொரு கை.

நரைச்ச வெள்ளைக் கை. நகத்துக்குள்ள மண். காலைக் கல்லில இருந்து தூக்கி எறியப் பாக்குற கை.

துஷ்யா மாதவன்ர பக்கம் நகர்ந்து அவன்ர கையைப் பிடிச்சாள். நான் அங்கயே, வடைத் தட்டு மடியில இருக்க, முழுக்கச் சொன்னன். அம்மாவின்ர அம்மி இல்லை. ஸ்கொட்லாந்துக் கல்லு. களவு.

தவநாயகி சிரிப்பா எண்டு காத்திருந்தன். அவ கதிரையில இருந்திட்டு மெதுவாச் சொன்னா, "அன்ரி, நான் செய்விச்ச அம்மி கராஜுக்குள்ள கிடக்கு. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் தந்திருப்பன். உங்கட பேரிலயே வைச்சிருப்பன்." பிறகு, "எனக்கும் எரிச்சல்தான். இவள் இந்த வீட்டை வந்தால் அம்மம்மாவின்ர புட்டு, அம்மம்மாவின்ர கதை. அதுதான் உங்களை ஓடித் திரியாதேங்கோ எண்டனான்."

உடன சபாரத்தினம் அண்ணைக்குப் போன் போட்டன். "அண்ணை, அந்தக் கல்லுகளின்ர கதை என்ன?"

"அண்டைக்குத் தொண்டை கிழியக் கத்தினன், இப்பதான் கேக்கிறீர். சண்டைக்குப் போகேக்க ஒவ்வொரு ஆம்பிளையும் ஒரு கல்லை அதில வைச்சிட்டுப் போறது. உயிரோட வாறவன் தன்ர கல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டை போவான்."

"அப்ப மிச்சம் கிடக்கிறது?"

"வராதவையின்ர."

நான் போனை வைச்சிட்டன். ஊரில சண்டையில செத்த எங்கட பிள்ளையளின்ர கல்லறையளை புல்டோசர் விட்டு இடிச்சவங்களைச் சாபம் போட்ட வாய் இது. அதே நான் ஒரு தாய் பெத்த பிள்ளையின்ர கல்லைச் சால்வையில சுத்திக் கொண்டு வந்திருக்கிறன். அதில மஞ்சள் பூசி என்ர பிள்ளையை ஏத்தி விட்டிருக்கிறன்.

தூணடியில நிண்ட அவளையும் எனக்கு விளங்கினது. ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டு நிண்டிருக்கிறாள். ஒருநாள் ஒரு கல்லுக் குறையுது. அவளின்ர மனுசன்ர கல்லு. அப்ப அவன் வந்திட்டான். வந்து கல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டை போட்டான்.

ஆரின்ர வீட்டை?

அதைத் தேடித்தான் லண்டன் வரைக்கும் நடந்து வந்திருக்கிறாள். வந்து பார்த்தால், அவன்ர கல்லில இன்னொருத்தி கூறையோட கால் வைச்சுக்கொண்டு நிக்கிறாள்.

டிசம்பரில நத்தார்ப் பண்டிகை முடிஞ்சு மூண்டாம் நாள் மாதவன்ர காரில நாங்கள் நாலு பேரும் போனம். கல்லு பின்னுக்கு டிக்கிக்குள்ள. வழி நீளக் கண்ணாடியெல்லாம் உள்பக்கத்தால நனைஞ்சு கொண்டு வந்தது, துஷ்யா துடைச்சுத் துடைச்சுக் களைச்சிட்டாள். அங்க போய்ச் சேர மத்தியானம் ஒரு மணி. வெளியெல்லாம் உறைஞ்சு வெள்ளையாக் கிடக்கு. துஷ்யாவுக்குக் கால் நிலத்தில ஊண்ட ஏலாது, காருக்குள்ளயே இருந்தாள்.

நான் கல்லைத் தூக்கப் போனன். இப்ப அது அசையேல்லை. அண்டைக்குப் பூவா வந்த கல்லு, இண்டைக்கு மலை.

"அன்ரி விடுங்கோ, வழுக்கி விழுந்து இடுப்பை உடைப்பீங்கள்," எண்டா தவநாயகி. "மகன் வைக்கட்டும்."

"எடுத்தது நான். நான்தான் வைக்கவேணும்."

"இதிலயும் நீங்கள்தான் முன்னுக்கு நிக்கவேணுமோ?"

நான் கல்லில இருந்து கையை எடுத்திட்டன். உண்மை சுட்டுது. அண்டைக்கு ஒருநாள் நான் எரிச்சலை விழுங்கி விட்டுக்குடுத்தனான். அந்த ஒருநாளாவது விட்டுக்குடுக்காமல் இருந்திருக்கலாம்.

மாதவன் தூக்கினான். லேசாத்தான் தூக்கினான். பனிக்கு மேலால நடந்து போய், குவியலின்ர பின்பக்கத்தில அது முந்திக் கிடந்த பள்ளத்தில வைச்சான். டக் எண்டு போய் இருந்தது. காத்து நிண்டிட்டுது. ஆடுகள் எல்லாம் ஒரேயடியாத் தலையைத் தூக்கிப் பார்த்துதுகள்.

காருக்குள்ளயிருந்து துஷ்யா கத்தினாள், "அம்மம்மா! கால் சுடுது! விரல் ஆடுது!"

அப்பிடியொரு அழுகை, அப்பிடியொரு சிரிப்பு. தவநாயகியும் நானும் கட்டிப்பிடிச்சம். வழியில நிப்பாட்டி புட்டுப் பார்சலைப் பிரிச்சுச் சாப்பிட்டம். மாதவன் மட்டும் பசிக்கேல்லை எண்டான். சப்பாத்துக்குள்ள பனி போயிட்டுது எண்டு காலைத் தேய்ச்சுக்கொண்டு இருந்தான்.

தை மாசம் சங்கத்துப் பொங்கலில சபாரத்தினம் அண்ணையைக் கண்டன். பெருமையாச் சொன்னன், கல்லைத் திருப்பி வைச்சாச்சு எண்டு.

"நல்ல காரியம். நீர்தானே வைச்சது?"

"இல்லை அண்ணை, மாதவன்."

அண்ணையின்ர கையில இருந்த பொங்கல் கோப்பை அப்பிடியே நிண்டுது.

"ஆம்பிளைப் பிள்ளையோ வைச்சவன்? தன்ர கையாலயோ?"

"ஏன் அண்ணை?"

அவர் கோப்பையைக் கீழ வைச்சார். சொல்லத் தேவையில்லை. சண்டைக்குப் போற ஆம்பிளை ஒரு கல்லை வைச்சிட்டுப் போறது.

அண்டைக்கே துஷ்யாவுக்கு எடுத்தன். "பிள்ளை, மாதவன் எப்பிடி?"

"நல்லாத்தான் அம்மம்மா. எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்லை இப்ப. ஆனா ஒண்டு. அவன்ர கால் ரெண்டும் ஐஸ். வேலையால வந்தால் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வெறுங்காலோட பின் வளவில போய் நிக்கிறான். வடக்குப் பக்கம் பார்த்துக்கொண்டு. ஏனடா எண்டால், 'எல்லாரும் போகினம், நான் மட்டும்தான் இஞ்ச நிக்கிறன்' எண்டுறான். ஏதோ வேலைப் பிரச்சினை போல."

மாதவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லைத் திருப்பி எடுப்பிக்கலாமோ? எடுத்தால் அவள் திரும்ப வருவாள், அது அவளின்ர மனுசன்ர கல்லு. எடுக்காட்டில் இவன் போவான். ரெண்டு கிழமையா யோசிச்சன். நித்திரை இல்லை. கடைசியில ஒரு முடிவுக்கு வந்தன். ஒரு ஆளுக்குப் பதிலா ஒரு ஆள். என்ர கல்லைக் கொண்டு போய் வைக்கிறன், பெடியனை விட்டுவிடு எண்டு அவளைக் கேக்கிறது. தூக்கிக் கொண்டு வந்தவள் நான்தானே.

ஞாயிறு என்ர பின் வளவில ஒரு கல்லுத் தெரிஞ்சு எடுத்தன். கழுவி, துடைச்சு, இந்தக் குசினி மேசையில வைச்சன். விக்ரோறியாவில இருந்து வியாழக்கிழமை கோச். ரிக்கற் எடுத்தாச்சு.

திங்கள் விடிய எழும்பினன். கல்லு மேசையில இல்லை. முன் கதவைத் திறந்தால் வெளியில கால்துடைக்கிற பாயில கிடக்கு.

செவ்வாய் ராத்திரி கதவைப் பூட்டி, சங்கிலியும் போட்டன். விடிய, றோட்டில கிடந்தது. ரெண்டாப் பிளந்து.

அப்பதான் விளங்கினது. எழுநூறு வருசம் காத்திருந்தவள், தன்ர மனுசன்ர கல்லுக்குப் பக்கத்தில இன்னொரு பொம்பிளையின்ர கல்லைக் கிடக்க விடுவாளோ? நானெண்டாலும் விடமாட்டன்.

எண்டாலும் விடுறதில்லை எண்டு இண்டைக்கு இன்னொரு கல்லு எடுத்து வைச்சிருக்கிறன். அதுதான் கதவெல்லாம் பூட்டு. ஐபாட்டுக்குப் பக்கத்தில கல்லு, அதில என்ர இடக்கை. வலக்கையாலதான் இவ்வளவும் தட்டினனான். நாளைக்குப் போறன். அவள் என்ன செய்தாலும் போறன்.

என்ர மூக்குக்கண்ணாடி புகைஞ்சு போச்சு. கழட்டிச் சீலைத் தலைப்பால துடைச்சிட்டு வாறன்.

துடைச்சிட்டன். ஒரு கணம்தான் கையை எடுத்தனான்.

கல்லு இல்லை.

கதவு பூட்டினபடி இருக்கு. கல்லு இருந்த இடத்தில, மேசையில, ஈரச் சேத்தில ஒரு கால் அடையாளம். சின்ன வலது கால். பெருவிரலுக்குப் பக்கத்து விரலில மட்டும் சேறு ஒட்டாமல் ஒரு வளையம். துஷ்யாவின்ர காணாமல் போன மெட்டியின்ர அளவு.

ஐபாட்டில துஷ்யாவின்ர படம் வந்து நிண்டு அடிக்குது. அவள் வேலை நேரத்தில எனக்கு எடுக்கிறவள் இல்லை.

இன்னும் அடிக்குது.